சோளகப் பக்கம்

மண்மூட்டை பதினேழு.
பதினேழையும் வடக்குக் கூரையில்தான் ஏற்றினேன்.
கார்த்திகையில் காற்று வடக்கிலிருந்து வரும்.
மனையாவெளியில் பிறந்தவளுக்கு
அதை ஒருவரும் சொல்லித்தர வேண்டாம்.

நாலு மணிக்கே கடல் தன் நிறத்தை விட்டிருந்தது.
வள்ளங்களைத் தெருவுக்கு இழுத்து வந்து
மின்கம்பத்தோடு கட்டினார்கள், மாட்டைக் கட்டுவதுபோல.
ஆறரைக்குக் கரண்ட் போனது.

கட்டாரிலிருந்து இவர் எடுத்தார்.
"படத்தில பாத்துக்கொண்டிருக்கிறன்.
வெள்ளையா ஒரு சுருள், நடுவில ஓட்டை.
நீங்கள் ரெண்டு பேரும் அந்த வெள்ளைக்குள்ள."
நான் வெள்ளையைக் காணவில்லை.
கதவுக்குக் கீழால் நுழையும் தண்ணீரைக் கண்டேன்,
துவாயை அதில் அமத்திப் பிடித்த
என் குதிக்காலைக் கண்டேன்.
போனில் பதினொரு வீதம்.
"ஓட்டை எங்க வருது?"
"உங்கட தலைக்கு மேலதான் போல" என்றார்,
பிறகு ஏதோ சொல்லத் தொடங்கினார்.
அதோடு சிக்னல் போய்விட்டது.
அவர் அங்கே இன்னும் கொஞ்சநேரம்
பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார்,
ஏசி அறையில்,
ஒரு திரைச்சீலைகூட அசையாத இடத்தில்.

அந்தச் சத்தத்தை ரயில் என்பார்கள்.
ரயில் என்றால் போய்விடும்.
இது வந்துகொண்டேயிருந்தது.

கட்டிலுக்குக் கீழே ஆரணி
ஏழாம் வாய்ப்பாடு சொன்னாள்.
ஏழெட்டில் தடுக்கும்.
மறுபடி ஓரேழிலிருந்து.
நானும் ஐம்பத்தாறு என்று எடுத்துக் கொடுக்கவில்லை.
கொடுத்தால் அது முடிந்துவிடும்.

பிறகு ஒரேயடியாக நின்றது.

முற்றத்துக்கு இறங்கினேன், முழங்கால் தண்ணீர்.
மேலே வட்டமாக ஒரு துண்டு வானம்,
அதில் கழுவி வைத்ததுபோல வெள்ளிகள்.
ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

மரியதாஸ் ரோச் லைட்டோடு நின்றார்.
நாலு வருசமாக எங்களுக்குள் பேச்சில்லை;
அவருடைய முருங்கை, எங்களுடைய வேலி.
இணக்கசபைக்கு மூன்று தவணை போயும் இணங்கவில்லை.
இப்போது வேலியும் இல்லை,
முருங்கை எங்கள் கிணற்றுக்குக் குறுக்கே கிடந்தது.
என் முகத்தைப் பார்க்காமல்
கூரைக்கு வெளிச்சம் அடித்துச் சொன்னார்:
"இது முடியேல்ல பிள்ளை.
இனிச் சோளகம் திரும்பி அடிக்கும்.
பாரத்தை மற்றப் பக்கம் மாத்து."
"எவ்வளவு நேரம் இருக்கு?"
"அது எனக்கெப்பிடித் தெரியும்."

ஈர மண் இரண்டு மடங்கு கனம்.
ஏணியை அவர்தான் பிடித்தார்.
வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
ஒன்று, இரண்டு, ஒன்பது.
பத்தாவது மூட்டை தோளில் இருக்க
தெற்கு இருட்டுக்குள் தென்னைகள்
எல்லாம் ஒன்றாய்த் தலையைத் திருப்பின.

விடிய
குசினிக்குள் மேகம் தெரிந்தது.
அதற்குக் கீழே ஒரு மான்,
கோட்டைப் பக்கத்து மான், புள்ளிகளுக்குள் மணல்.
கிழிந்த அரிசிச் சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு
சுவரில் ஒட்டிக்கிடந்த கலண்டரைத் தின்றது,
கார்த்திகை முழுவதும், மார்கழியில் பாதியும்.
"விரட்டாதேங்கோ" என்றாள் ஆரணி.
விரட்ட எனக்குக் கை எழும்பவில்லை.
இரண்டு தோளும் காய்ச்சல் கண்டதுபோல இருந்தன.

மரியதாஸ் வாளோடு வந்து மரத்தை அரிந்தார்.
முருங்கைக்காய்களைப் பொறுக்கினார்,
எங்கள் பக்கம் கிடந்தவற்றையும் சேர்த்து.
பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஏணி இன்னும் எங்கள் சுவரில்தான் சாய்ந்திருந்தது,
அது அவருடையது.

கிராம சேவகரின் படிவத்தில்
சேதம் என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்.
குசினிக் கூரை, தகரம் எட்டு.
வடக்குப் பக்கத்தில் ஓர் ஆணிகூட அசையவில்லை
என்பதை எழுத அதில் இடமில்லை.

மூன்றாம் நாள் சிக்னல் வந்தது.
இவருடைய நாற்பத்துமூன்று செய்திகளும்
ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்தன.
எங்க நிக்கிறாய். எடு. எடு.
பிள்ளை சாப்பிட்டுதா. எடு.
கடைசிக்கு முந்தியது மட்டும்
கொஞ்சம் மூச்சு விட்டு எழுதியதுபோல இருந்தது:
"அது உங்களுக்கு மேலால போட்டுது.
படத்தில பாத்தன். இனிப் பயமில்லை, படு."
இரவு பத்து நாற்பது.

அப்போது எனக்குத் தோளில்
பத்தாவது மூட்டை.